மெலன்கோலி: ஒரு கிரேக்கச் சொல்லோட வேரைத் தோண்டிப் பாக்குறது எப்படி

ஐயா, அதாவது எங்க தாத்தா, தவறி ஆறேழு மாசம் இருக்கும். செட்டிநாட்டுல எங்க கோட்டையூர் வீட்டுல ஆயா, எங்க பாட்டி, பட்டாலைங்கிற கூடத்துல ஒரே தூணுக்குப் பக்கத்துல பாயைப் போட்டுக்கிட்டு, யாரு வந்தாலும் "வாங்க"ன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டு மறுபடியும் முகப்பையே பாத்துக்கிட்டு உக்காந்திருப்பாங்க. சாப்பாடு எறங்கல, தூக்கம் மூணு மணிக்கே போயிரும், என்ன ஆயா பண்ணுதுன்னு கேட்டா "நாக்குல கசப்பு போகவே மாட்டேங்குது ஆத்தா"ன்னு அது ஒண்ணுதான் பதில். சரி பித்தம் கூடிருச்சுன்னு வீட்டுல எல்லாரும் முடிவு பண்ணி இஞ்சி தட்டிப் போட்டுக் குடுத்தோம், சீரகத் தண்ணி குடுத்தோம், எலுமிச்சை குடுத்தோம், இப்படியே நாலு மாசம் ஓடிருச்சு. கடைசியில ஒரு டாக்டரம்மா அரை மணி நேரம் ஆயாகிட்ட தனியா பேசிட்டு வெளிய வந்து, இது பித்தம் இல்ல, ஆழமான மனச்சோர்வு, பழைய டாக்டருங்க மெலன்கோலியான்னு சொல்வாங்க, அந்த வார்த்தைக்கு அர்த்தமே கருப்புப் பித்தம்தான், நீங்க இஞ்சி குடுத்ததுல ஆச்சரியமே இல்லன்னு சொன்னாங்க.

அன்னைக்கு ராத்திரி உக்காந்து அந்தச் சொல்லைத் தோண்ட ஆரம்பிச்சேன். அதுல இருந்து எத்தனையோ சொல்லு பாத்தாச்சு, ஆனா எப்படித் தோண்டுறதுன்னு யாராவது கேட்டா இதைத்தான் எடுத்துக் காட்டுவேன், ஏன்னா இதுல எல்லாமே இருக்கு, வேர் இருக்கு, பயணம் இருக்கு, வழியில ஏமாத்துற குழியும் இருக்கு. சொல்லாராய்ச்சி படிச்சவங்களுக்கு மட்டும்தான் இது வரும்னு நினைக்காதீங்க, போன் இருந்தா போதும், கூடவே ஒரு நோட்டு வச்சுக்கங்க.

மொத வேலை, இங்கிலீஷ் உச்சரிப்பை மறந்துருங்க. மெலன்கலின்னு சொல்றாங்களே அது கடைசி ஸ்டாப்புல எறங்குன ஆளு, நமக்கு வேணும்ங்கிறது எங்க ஏறுனான்னு. விக்சனரிங்கிற இணைய அகராதியில போய் அந்தச் சொல்லைத் தேடி, சொற்பிறப்புங்கிற பகுதியை மட்டும் படிங்க. பின்னாடியே போய்க்கிட்டே இருந்தா இங்கிலீஷ், அதுக்கு முன்னாடி பழைய பிரெஞ்சு, அதுக்கு முன்னாடி லத்தீன், அப்புறம் கிரேக்கத்துல மெலன்கோலியான்னு வந்து நிக்கும். கிரேக்க எழுத்து தெரியலைன்னா கவலை இல்ல, பக்கத்துலயே ரோமன் எழுத்துல போட்டிருப்பாங்க. இன்னும் ஆழமா போகணும்னா லிடெல், ஸ்காட் ரெண்டு பேரும் 1843ல கொண்டு வந்த கிரேக்க அகராதி இருக்கு, பெர்சியஸ்ங்கிற தளத்துல ஓசியாவே பாக்கலாம், ஒரு சொல்லை மொதமொத எந்தப் பழைய ஆளு எங்க எழுதுனாருங்கிறது வரைக்கும் அதுல இருக்கும்.

அடுத்து சொல்லை ஒடிக்கணும். எங்க ஒடிக்கிறதுங்கிறதுலதான் பாதிப் பேரு தப்பு பண்றாங்க, கண்ணுக்கு அழகாத் தெரியிற எடத்துல வெட்டிடுவாங்க. அந்தத் துண்டு வேற சொல்லுலயும் அதே அர்த்தத்தோட வருதான்னு பாத்துட்டுத்தான் வெட்டணும். மெலன்கோலியாவை ரெண்டா ஒடிச்சா மெலாஸ், கோலே. மெலாஸ்னா கருப்பு, இன்னொரு சொல்லோட சேரும்போது மெலன்னு ஆயிரும். கோலேன்னா பித்தம், பித்தப்பைக்குள்ள இருக்கே அந்தக் கசப்புத் தண்ணி.

சரியா ஒடிச்சோமான்னு தெரிய அண்ணன் தம்பிகளைத் தேடுங்க. மெலன் பக்கம் பாத்தா நம்ம தோலுக்கு நிறம் குடுக்குற மெலனின், தோல்ல வர்ற மெலனோமாங்கிற புத்துநோய், பசிபிக் கடல்ல இருக்குற மெலனீசியாத் தீவுகள், எல்லாத்துலயும் கருப்பு உக்காந்திருக்கு. (இந்த எடத்துல ஒண்ணு, எங்க ஊருல கருப்புன்னாலே கவுனி அரிசிதான் ஞாபகம் வரும், அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்ல, கவுனி அரிசியில இருக்குற கருப்பு ஆந்தோசயனின், மெலனின் கிடையாது.) கோலே பக்கம் பாத்தா கொலஸ்ட்ரால் வரும், அதை மொதல்ல கண்டுபிடிச்சதே பித்தப்பைக் கல்லுல இருந்துதான், கோலேயோட ஸ்டெரியோஸ், அதாவது கெட்டியானதுங்கிற சொல்லைச் சேத்து வச்ச பேரு. பித்தப்பையை ஆபரேசன் பண்ணி எடுத்தா டிஸ்சார்ஜ் சீட்டுல கோலிசிஸ்டெக்டமின்னு எழுதுறாங்களே அதுலயும் இதே கோலேதான். இங்கிலீஷ்ல பித்தத்துக்கு இருக்குற கால் (gall)ங்கிற பழைய சொல்லு, மஞ்சளுக்கு இருக்குற யெல்லோ, தங்கத்துக்கு இருக்குற கோல்டு எல்லாம் இந்தக் கோலேக்கு தூரத்துச் சொந்தம், பச்சையும் மஞ்சளும் கலந்த மினுமினுப்பைக் குறிக்கிற ஒரு ஆதி வேர்ல இருந்து வந்ததுங்க. அந்த மஞ்சளை நோட்டுல குறிச்சு வைங்க, பின்னாடி வேணும்.

இப்ப முக்கியமான எடம். அகராதி அர்த்தம் கெடைச்ச உடனே நிறுத்திடாதீங்க, கருப்புப் பித்தம்னு தெரிஞ்சதால ஒண்ணும் புரிஞ்சிடாது, ஏன் சோகத்துக்குப் போய் அப்படி ஒரு பேரு வச்சாங்கன்னு கேக்கணும். அதுக்கு அந்தக் காலத்து வைத்தியம் எப்படி இருந்துச்சுன்னு பாக்கணும். ஏறக்குறைய 2400 வருசத்துக்கு முன்னாடி, காஸ்ங்கிற கிரேக்கத் தீவுல இருந்த வைத்தியர் ஹிப்போகிரட்டீஸ் பேருல வர்ற வைத்திய நூல்கள்ல, மனுச ஒடம்புக்குள்ள நாலு நீர் ஓடுது, ரத்தம், சளி, மஞ்சள் பித்தம், கருப்புப் பித்தம், இதுங்க சமமா இருந்தா ஆரோக்கியம், ஒண்ணு கூடுனா நோய்ங்கிற கணக்கு இருக்கு. நமக்கு இது புதுசே இல்ல, "மிகினும் குறையினும் நோய்செய்யும் நூலோர் வளிமுதலா எண்ணிய மூன்று"ன்னு வள்ளுவர் சொன்னதும் இதே மாதிரிதான், நம்ம ஆளுங்களுக்கு வாதம் பித்தம் கபம்னு மூணு, அவங்களுக்கு நாலு. பித்தத்தை அவங்க மஞ்சள், கருப்புன்னு ரெண்டாப் பிரிச்சாங்க. கருப்புப் பித்தத்துக்குக் குளிர்ச்சியும் வறட்சியும் குணம், இலையுதிர் காலம் அதோட பருவம், பூதத்துல மண்ணு, ஒடம்புல அதோட வீடு மண்ணீரல். இதைப் படிச்சப்ப எனக்கு மயிர்க்கூச்செறிஞ்சிருச்சு, ஏன்னா தமிழ்ல அந்த உறுப்போட பேர்லயே மண் இருக்கு. ரெண்டும் தற்செயல்தான், இதை வச்சு தமிழ்ல இருந்து கிரேக்கத்துக்குப் போச்சுன்னு யாரும் கெளம்பிடக் கூடாது, ஆனா ரசிக்கலாம்.

அப்படி ஒரு கருப்புத் தண்ணி ஒடம்புல தனியா எதுவும் கெடையாதுன்னு இப்பத்திய மருத்துவத்துக்குத் தெரியும். ஆனாலும் அந்தப் பழைய நூல்கள்ல ஒரு வரி இருக்கு, பயமோ மனவாட்டமோ ரொம்ப நாள் நீடிச்சா அது கருப்புப் பித்தக் கோளாறுன்னு. "ரொம்ப நாள்"ங்கிறதைக் கவனிங்க. நாலு நாள் அழுகையை அவங்க நோய்னு சொல்லல, விட்டுப் போகாத வாட்டத்தைத்தான் சொன்னாங்க. இன்னைக்கு டாக்டருங்க எத்தனை நாளா இப்படி இருக்கீங்கன்னு மொதக் கேள்வி கேக்குறதும் அதே கணக்குதான், ரெண்டு வாரத்துக்கு மேல தூக்கம், பசி, எதுலயும் ஒரு பிடிப்பு, எல்லாம் விட்டுப் போயிருந்தா கண்டிப்பா பாக்கணும்னு சொல்றாங்க. நாங்க நாலு மாசம் இஞ்சி குடுத்தோம்.

கேலன்னு ஒரு வைத்தியர், கி.பி. ரெண்டாம் நூற்றாண்டு, இப்ப துருக்கியில இருக்குற பெர்கமம் ஊர்க்காரர். அவர் சொன்ன ஒரு விளக்கம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். வெளிய இருட்டிடுச்சுன்னா முக்கால்வாசிப் பேருக்குக் காரணமே இல்லாம பயம் வருதுல்ல, அதே மாதிரி இந்தக் கருப்புப் பித்தத்தோட நிறம் யோசனை பண்ற எடத்துல நெழலா விழுந்துருது, அதனால உள்ளுக்குள்ளேயே ஒரு இருட்டு, அந்த இருட்டுல இருந்து பயம்னு சொல்றார். காரணம் தப்பு, ஆனா ஆயா முகத்தை அந்த ஆறு மாசமும் பாத்த எனக்கு அந்த வர்ணனை தப்புன்னு சொல்ல முடியல.

இன்னொரு விசயமும் பாக்கணும், வைத்தியர் எழுதுனதை மட்டும் வச்சு ஒரு சொல்லோட அர்த்தத்தை முடிவு பண்ணாதீங்க, தெருவுல சனங்க அதை எப்படிப் பேசுனாங்கன்னு தேடுங்க. அதுக்கு நாடகம்தான் நல்ல எடம். அரிஸ்டோபனீஸ்ங்கிற பழைய கிரேக்க நாடகக்காரரோட நகைச்சுவை நாடகங்கள்ல இதே சொல்லை வினையாக்கி, அவனுக்குக் கருப்புப் பித்தம் ஏறிப்போச்சுங்கிற மாதிரி வருது, அங்க அது சோகமே இல்ல, கிறுக்குப் பிடிச்சிருச்சுங்கிற அர்த்தம். நம்ம பக்கம் "பித்தம் தலைக்கேறிடுச்சா ஒனக்கு"ன்னு கேக்குறோமே அச்சு அசல் அதுதான். சுந்தரர் திருவெண்ணெய்நல்லூர்ல "பித்தா பிறைசூடி"ன்னு சிவனையே கூப்பிட்டாரே, அந்தப் பித்தனும் ஈரல்ல இருந்து கெளம்பி வந்த சொல்லுதான். அரிஸ்டாட்டில் பேருல வர்ற ஒரு கேள்வித் தொகுப்புல இன்னும் ஒரு படி மேல போய், தத்துவம், அரசியல், கவிதை, கலை இதுல ஒசந்து நின்னவங்க எல்லாரும் ஏன் கருப்புப் பித்தக்காரங்களாவே இருக்காங்கன்னு கேட்டு வச்சிருக்காங்க. ஆக ஒரே சொல்லு, வைத்தியருக்கு நோயி, நாடகக் கொட்டாயில வசவு, தத்துவம் பேசுறவங்களுக்குப் பெருமை. இது மூணையும் நோட்டுல தனித்தனியா எழுதுங்க, ஒண்ணாப் போட்டுக் கொழப்பிக்காதீங்க.

பயணத்தைச் சுருக்கமாவே சொல்லிடுறேன். 9ஆம் நூற்றாண்டுல பாக்தாத்துல ஹுனைன் இப்னு இஸ்ஹாக்கும் அவரோட ஆளுங்களும் கேலனை அரபியில கொண்டு வந்தாங்க, அங்க கருப்புப் பித்தத்துக்கு சவ்தான்னு பேரு, கருப்புங்கிற அர்த்தத்துல, இன்னைக்கும் யுனானி வைத்தியத்துல அந்தப் பேருதான். 11ஆம் நூற்றாண்டுல ஆப்பிரிக்காவுல இருந்து வந்த கான்ஸ்டன்டைன்ங்கிறவர் இத்தாலியில ஒரு மடத்துல உக்காந்து அரபி நூல்களை லத்தீனுக்கு மாத்துனாரு. அப்படியே பிரெஞ்சு, இங்கிலீஷ். எங்க ஊரு ஆளுங்க ரங்கூன், பினாங்குன்னு போயிட்டு வேற பழக்கம், வேற சாப்பாட்டோட திரும்பி வந்த மாதிரி, சொல்லும் ஒவ்வொரு ஊருலயும் தங்கித் தங்கித்தான் வரும்.

குழியைப் பத்திச் சொல்றேன்னேன்ல. திருக்குறள் காமத்துப்பால்ல ஒரு அதிகாரத்துக்குப் பேரு படர்மெலிந்திரங்கல், பிரிவுத் துயரத்துல ஒடம்பு மெலிஞ்சு வருந்துறது. மெலி, மெலன், ரெண்டும் சோகம் வேற, இது போதாதா, மெலன்கோலி தமிழ்ச் சொல்லுதான்னு ஒரு பார்வேர்டு மெசேஜ் அனுப்புறதுக்கு? போதாது. தமிழ் மெலிக்கு மென்மை, ஒல்லி, வலுவில்லாததுங்கிற குடும்பம், மெல்ல, மெல்லிய, மெலிவு எல்லாம் அதுலதான், எதுலயும் கருப்பு கெடையாது. கிரேக்க மெலாஸ் குடும்பத்துல எதுலயும் ஒல்லி கெடையாது. ஒலி ஒத்துப்போறதைப் பாத்து மயங்காம, ரெண்டு பக்கமும் குடும்பத்தை வரிசையா எழுதி வச்சு அர்த்தம் ஒத்துப்போகுதான்னு பாக்கணும். இதுக்குச் சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ் லெக்சிகனும், பரோ எமனோ ரெண்டு பேரும் தொகுத்த திராவிடச் சொற்பிறப்பகராதியும் ரொம்ப ஒதவும், ரெண்டுமே சிகாகோ பல்கலைக்கழகத் தளத்துல தேடலாம். எங்க கோட்டையூர்ல ரோஜா முத்தையா வாழ்நாள் பூரா சேத்து வச்ச புத்தகங்களை வாங்கி, 1994ல சென்னையில நூலகமா வர்றதுக்கு வழி பண்ணதும் அதே பல்கலைக்கழகம்தான். ஆயா வீட்டுல இருந்து நடந்து போற தூரத்துல இருந்த புத்தகம் எல்லாம் அவை, நாம எதை வச்சிருந்தோம்னு தெரியாமலே வளந்தோம்.

அப்ப வேர் ஒண்ணு இல்லைன்னா தமிழுக்கும் அந்தச் சொல்லுக்கும் பேச்சே இல்லையான்னா, இருக்கு, ஆனா வேற வழியில தேடணும். ஒலியை விட்டுட்டு நிறத்தைப் பிடிங்க. தொல்காப்பியத்துல "கறுப்பும் சிவப்பும் வெகுளிப் பொருள"ன்னு வரும், கருப்புங்கிறது கோவத்துக்கும் பேருன்னு. இலியட்ங்கிற பழைய கிரேக்கக் காவியத்தோட முதல் காண்டத்துல, கிரேக்கப் படைக்குத் தலைவனான அகமெம்னனுக்குக் கோவம் வர்ற எடத்துல அவன் நெஞ்சு சுத்திக் கருத்துப்போய் ஆத்திரத்துல நெறைஞ்சுதுன்னு ஹோமர் பாடுறார். ரெண்டு மொழியும் ஒண்ணை ஒண்ணு பாத்து எழுதல, மனுச முகத்தைப் பாத்து எழுதியிருக்கு. "முகம் கருத்துப் போச்சு"ன்னு நாம இன்னைக்கும் சொல்றோம்ல. ஆனா காதல் சோகத்துக்குன்னு வரும்போது தமிழ் கருப்பை எடுக்கல, பசலைன்னு ஒரு நிறத்தை எடுத்துச்சு, பச்சையும் மஞ்சளும் கலந்து தோல்ல படருற வெளுப்பு, வள்ளுவர் பசப்புறு பருவரல்னு ஒரு அதிகாரமே வச்சிருக்கார். மேல மஞ்சளைக் குறிச்சு வைங்கன்னு சொன்னேனே, பித்தத்தோட நிறம், அது இதுக்குத்தான். கிரேக்கர் சோகத்தை ஈரலுக்குள்ள தேடுனாங்க, நம்ம புலவருங்க தோல் மேல பாத்தாங்க. சோகம்ங்கிற சொல்லையே எடுத்துக்கங்க, அது வடமொழியில சுச்ங்கிற வேர்ல இருந்து வந்தது, எரியிறது, கனலுறதுன்னு அர்த்தம். வயிறு எரியுது, நெஞ்சு அடைக்குது, ஈரக்கொலை நடுங்குது, நம்ம சனங்க மனசைச் சொல்லணும்னா ஒடம்புலதான் கை வச்சுக் காட்டுவாங்க.

சங்கப் பாட்டுல இன்னொன்னும் வரும். பொண்ணு காதல்ல வாடிக் கெடப்பா, அம்மாவுக்குக் காரணம் தெரியாது, முருகன் அணங்குனான், அதாவது பிடிச்சு வாட்டுறான்னு நினைச்சு, வேலன்ங்கிற பூசாரியைக் கூப்பிட்டு, கழங்கு போட்டுக் குறி பாத்து, வெறியாட்டுங்கிற சாமியாட்டம் நடத்துவாங்க. அதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு எங்க வீட்டு இஞ்சிச் சாறுதான் ஞாபகம் வரும், பாசம் கொறைச்சலா இருந்து பண்ணது இல்ல அது.

சொல்லைத் தோண்டி முடிச்ச பெறகு அதைத் தமிழ்ல எப்படி வைக்கிறதுங்கிறது கடைசி வேலை. கரும்பித்தம்னு போட்டா வேர் தெரியும், ஆனா யாருக்கும் வலிக்காது. துயரம்னா பொதுவாப் போயிரும், ஏக்கம்னா எதுக்கோ ஏங்குற மாதிரி ஆயிரும். மனச்சோர்வுங்கிறது ஆஸ்பத்திரிச் சொல்லு, டாக்டர்கிட்ட பேச அதுதான் சரி. என் யோசனை என்னன்னா, அகராதியை மூடிட்டு அதை அனுபவிச்ச ஆளுகிட்டப் போய்க் கேளுங்க. கேக்குறதுலயும் பக்குவம் வேணும், "சோகமா இருக்கீங்களா"ன்னு நேரா கேட்டா எங்க பக்கத்துப் பெரியவங்க யாரும் ஆமான்னு சொல்ல மாட்டாங்க, அது கௌரவக் கொறைச்சல். பக்கத்துல உக்காந்து, கையில ஒரு வேலையை வச்சுக்கிட்டு, கீரை ஆயிறதோ பூ கட்டுறதோ, ராத்திரி எத்தனை மணிக்கு முழிப்பு வருது, அப்ப என்ன தோணுதுன்னு கேளுங்க. அவங்க ஒடம்பைச் சொன்னா ஒடம்பைப் பத்தியே கேட்டுக்கிட்டே போங்க, கசப்பு காலையில அதிகமா சாயங்காலமா, எப்ப இருந்துன்னு. அந்த "எப்ப இருந்து"ல தானா வந்துரும். பேச்சுல எதுக்கு இருந்து என்னத்தங்கிற மாதிரி ஏதாவது வந்தா அன்னைக்கே டாக்டர்கிட்டக் கூட்டிட்டுப் போங்க, ராத்திரியா இருந்தா 14416க்கு அடிங்க, டெலி மானஸ், காசு கெடையாது, தமிழ்லயே பேசுவாங்க.

ஆயா மாத்திரை சாப்பிட ஆரம்பிச்சு, சாப்பாடும் கொஞ்சம் கொஞ்சமா எறங்க ஆரம்பிச்ச பெறகு, ஒரு மத்தியானம் ரெண்டாங்கட்டுல முருங்கைக்கீரை ஆஞ்சுக்கிட்டு இருக்கும்போது இதைக் கேட்டேன். ஆயா, அப்ப ஒங்களுக்கு எப்படித்தான் இருந்துச்சு, கசப்புன்னு சொன்னீங்களே அது தவிரன்னு. ரொம்ப நேரம் பதில் இல்ல. அப்புறம் கீரைக் காம்பை ஒதறிட்டு, "வெறிச்சுன்னு இருந்துச்சாத்தா. வளவு, பட்டாலை, முகப்பு, எல்லாக் கதவும் தொறந்து கெடக்கு, ஒருத்தரும் இல்ல. அப்படி"ன்னாங்க.

நோட்டுல மெலாஸ், கோலேன்னு எழுதியிருந்த பக்கத்துலயே அதையும் எழுதி, தேதி போட்டு வச்சேன். நீங்களும் சொல்லு கேட்டா ஊரு, ஆளு சொன்ன முழு வாக்கியம், தேதி மூணையும் சேத்து எழுதுங்க, வெறும் சொல்லை மட்டும் எழுதுனா ரெண்டு வருசம் கழிச்சுப் பாக்கும்போது அது யாரோடதுன்னே தெரியாது.